ரோஸ் நிறத்தில் நான்கு தட்டுகள்

திங்கட்கிழமை. காலை ஏழு மணி பத்து நிமிடம்.

நாலாவது மாடியில் ஓர் அலறல் கேட்டது.

மூன்றாவது மாடியில் யாரும் தலை தூக்கவில்லை. அது ஆராய்ச்சிக் கட்டடம். நிதி கிடையாது என்று கடிதம் வரும்போதெல்லாம் யாராவது அலறுவது வழக்கம்.

இது வேறு அலறல்!

டிடெக்டிவ் ஜோனி க்ருப்பா வந்து சேர்ந்தபோது மணி எட்டு. பிட்ஸ்பர்க் கொலைப் பிரிவில் பத்தொன்பது வருஷம். பிணங்களிடம் மட்டும் மரியாதையாகப் பேசுவாள் என்று பெயர்.

குளிர் அறைக்குள் அவன் கிடந்தான். எம்மெட் ஸ்ட்ராசர். வயது முப்பத்து நாலு. வெள்ளைக் கோட்டு. பின்மண்டை உடைந்திருந்தது. பக்கத்தில் ஓர் இரும்பு ஸ்டாண்ட். யாரோ அதை ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருந்தார்கள்.

"எப்ப செத்தான்?"

மெடிக்கல் எக்ஸாமினர் கையுறையைக் கழற்றினார். "நாலு டிகிரி குளிர்ல கிடந்திருக்கான். தக்காளியா இருந்தா எப்பப் பறிச்சாங்கன்னு சொல்லிடுவேன். மனுஷனாச்சே... வெள்ளிக்கிழமை சாயங்காலத்துலேருந்து ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள."

"முழுசா ரெண்டு நாள் விடறீங்களே!"

"எனக்குக் கொடுக்கற சம்பளத்துக்கு இதுவே நெருக்கம்."

கூட்டாளி விட்லோ கதவோரம் நின்றிருந்தான். ஆறடி நாலு அங்குலம். எந்த அறையிலும் கூரை அவனுக்குச் சற்று இடைஞ்சல்.

"வாசல்ல கார்டு தேய்க்கற மெஷின் ஜனவரிலேருந்து ரிப்பேர். கதவை ஒரு தெர்மாகோல் மூடியால முட்டுக் கொடுத்து வெச்சிருக்காங்க. யார் வந்தா, யார் போனான்னு எந்தக் கணக்கும் கிடையாது."

"புற்றுநோயை ஒழிக்கறவங்க... கதவை ரிப்பேர் பண்ண முடியாதா?"

"கதவுக்கு யாரும் பரிசு தர மாட்டாங்களாம்." விட்லோ குரலைத் தாழ்த்தினான். "க்ருப்பா... வாசல்ல போர்டு பாத்தியா?"

பார்த்திருந்தாள்.

ஹாக்கன்பெர்க் ஆய்வகம். தோல் புற்றுநோய். தாவர மருந்துகள்.

மூன்று மாதமாக அந்தப் பெயர் அவள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது.

அவள் கணவன் ஸ்டான் இருபத்தாறு வருஷம் கூரை வேய்ந்தவன். ஜூலை வெயிலில் சட்டையில்லாமல் நின்றவன். முதுகில் ஒரு கறுப்பு மச்சம் வந்தது. மச்சம் நுரையீரலுக்குக் குடிபோனது. இரண்டு மருந்துகள் தோற்றுவிட்டன. மூன்றாவது இதுதான். மலைக்காட்டில் முளைக்கும் சிவப்புச் சாறு கொண்ட ஒரு வேரிலிருந்து எடுத்தது. பெயர் ஹாக்-9. பதினெட்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள்.

முதல் ஊசி ஸ்டானுக்கு.

"இன்னிக்குப் பதினோரு மணிக்குத்தானே?" விட்லோ கேட்டான்.

"ம்."

"இந்தக் கேஸை வேற யார் தலையிலயாவது கட்டிடலாமே."

"பதினோரு மணிக்குள்ள முடிச்சிடலாம். நீ வாயை மூடினா பத்தே முக்கால்."

*

டாக்டர் வேலரி ஹாக்கன்பெர்க் அழுதுகொண்டிருந்தார். மேக்கப் கலையாத அழுகை!

"எம்மெட் எனக்கு மகன் மாதிரி."

"எத்தனை வருஷமா?" என்றாள் க்ருப்பா.

"அஞ்சு... இல்ல, ஆறா? நிர்வாகத்துல கேளுங்களேன்."

"கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம். சனிக்கிழமை விடியக்காலை ஆறு மணி விமானத்துல டென்வர் போயிட்டேன். அங்க மாநாடு. நேத்து ராத்திரி பதினொன்றரைக்குத்தான் திரும்பினேன். டிக்கெட் இருக்கு. மேடையில பேசின படம் இருக்கு. முந்நூறு பேர் பாத்தாங்க."

"கை தட்டினாங்களா?"

"எழுந்து நின்னு!"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க இருந்தீங்க?"

ஹாக்கன்பெர்க் கைக்குட்டையை மடித்தார். கவனமாக. நாலாக.

"வீட்ல பெட்டி அடுக்கிட்டிருந்தேன். ஆனா வெள்ளிக்கிழமையைப் பத்தி எதுக்குக் கேக்கறீங்க? அவன் ஞாயித்துக்கிழமை உயிரோட இருந்தானே!"

க்ருப்பாவின் பேனா நின்றது.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வாங்க, காட்டறேன்."

செல் வளர்க்கும் அறையின் வாசலில் ஹாக்கன்பெர்க் நின்றுகொண்டார். உள்ளே கால் வைக்கவில்லை.

"நான் இந்த அறைக்குள்ள வந்தே வருஷக்கணக்காச்சு. என் வேலை யோசிக்கறது. காலையில இங்கேருந்தே கண்ணாடிக் கதவு வழியாப் பாத்தேன். அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்க."

முப்பத்தேழு டிகிரியில் சூடான பெட்டி. விட்லோ திறந்தான். உள்ளே சின்னச் சின்னத் தட்டுகள். மேல் அடுக்கில் நாலு. ஒவ்வொரு மூடியிலும் கறுப்பு மையில் 'ஹாக்-9' என்று எழுதியிருந்தது. உள்ளே திரவம் ரோஸ் நிறத்தில் இருந்தது. கீழ் அடுக்கில் ஆறு. அவற்றில் திரவம் மஞ்சள்.

"மேல இருக்கறது எம்மெட்டோடது. கீழ இருக்கறது எங்க டெக்னீஷியன் லோர்ணாவோடது. தோல் புற்றுநோய் செல்லு. அந்தத் திரவம்தான் அதுக்குச் சாப்பாடு. புதுசா ஊத்தினா ரோஸ். செல்லு தின்னு, கழிவை விட விட, மூணு நாள்ல மஞ்சளாயிடும். லோர்ணா வெள்ளிக்கிழமைக்கப்புறம் தொடலை. அதனால மஞ்சள். எம்மெட்டோடது ரோஸ். அப்படின்னா?"

"அவன் ஞாயித்துக்கிழமை வந்து சாப்பாடு மாத்தியிருக்கான்."

"நீங்க ஆராய்ச்சிக்கு வந்திருக்கலாம், டிடெக்டிவ்!"

"வந்திருப்பேன். எனக்குக் கதவு பூட்டியிருந்தாத்தான் தூக்கம் வரும்."

ஹாக்கன்பெர்க் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "யாரையும் குத்தம் சொல்றது என் பழக்கமில்லை. ஆனா லோர்ணாவுக்கும் அவனுக்கும் ஆகாது. அந்த ஃப்ரிட்ஜைப் போய்ப் பாருங்க."

விட்லோ போய்ப் பார்த்தான். பரவசத்தோடு திரும்பினான். கையில் ஒரு காகிதம்.

"என் பாட்டிலைத் தொடுபவனைக் கொன்றுவிடுவேன். இப்படிக்கு, லோர்ணா புசாக்."

"க்ருப்பா! கையெழுத்துப் போட்ட கொலை மிரட்டல்! என் சர்வீஸ்லயே முதல் தடவை!"

மணி ஒன்பது இருபது.

*

லோர்ணா புசாக்குக்கு வயது ஐம்பத்து மூன்று. பிணத்தைக் கண்டு அலறியது அவள்தான். ஒரு தடவைதான் அலறினாள். அதற்கப்புறம் மாப் எடுத்துக் குளிர் அறை வாசலைத் துடைக்கப் போனவளைப் போலீஸ்காரர்கள் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை எங்க இருந்தீங்க?" என்றாள் க்ருப்பா.

"வீட்ல."

"சாட்சி?"

"தனியா இருக்கறவளுக்கு ஏது சாட்சி? கொலை நடக்கும்னு தெரிஞ்சிருந்தா யாரையாவது டீக்குக் கூப்பிட்டிருப்பேன்."

விட்லோ காகிதத்தை நீட்டினான். "இது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"கொன்னுடுவேன்னு எழுதியிருக்கீங்க!"

"தம்பி... இந்தக் கட்டடத்துல பதினேழு ஃப்ரிட்ஜ் இருக்கு. பதினேழுலயும் இதே மாதிரி ஒட்டியிருக்கும். மூணாவது மாடியில ஒருத்தன் படமே வரைஞ்சு வெச்சிருக்கான். போய் அவனையும் பிடிங்க."

"எம்மெட் உங்க பாட்டிலைத் தொட்டானா?"

"தினமும்." அவள் குரல் லேசாக உடைந்தது. உடனே ஒட்டிக்கொண்டது. "தொட்டுட்டு, மறுநாள் டோனட் வாங்கிட்டு வருவான். நல்ல பையன். மூணு வாரமா ஒரே பரிசோதனையைத் திரும்பத் திரும்பப் பண்ணிட்டிருந்தான். முகமே சரியில்ல. என்னடா ஆச்சுன்னு கேட்டேன். 'இன்னொரு தடவை பாத்துட்டுச் சொல்றேன் லோர்ணா'ன்னான்."

"ஞாயித்துக்கிழமை வந்து பாத்திருக்கான். செல்லுக்குச் சாப்பாடு மாத்தியிருக்கான்."

"யார் சொன்னா?"

"உங்க டாக்டரம்மா. தட்டு ரோஸ் கலர்ல இருக்காம்."

லோர்ணா அவளையே பார்த்தாள். பிறகு விட்லோவைப் பார்த்தாள். யாராவது விளையாடுகிறார்களா என்று தேடுகிற பார்வை.

"டாக்டரம்மா மைக்ராஸ்கோப்ல பாத்தாங்களா?"

"இல்ல. வாசல்லேருந்தே பாத்தாங்க."

"அதானே! அவங்க செல்லைத் தொட்டுப் பன்னண்டு வருஷமாச்சு. எழுந்திரிங்க."

லோர்ணா கையுறை மாட்டினாள். எம்மெட்டின் தட்டு ஒன்றை எடுத்து மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தாள். க்ருப்பா குனிந்தாள். உருண்டை உருண்டையாக ஏதோ மிதந்தது. பழைய சூப்பில் மிதக்கும் பார்லி மாதிரி.

"இது என்ன?"

"பிணம். எல்லாம் செத்துக் கிடக்கு." லோர்ணா தன் மஞ்சள் தட்டு ஒன்றை மாற்றி வைத்தாள். "இப்பப் பாருங்க."

நீளநீளமாக, கை கால் நீட்டி, தரையோடு ஒட்டிப் படுத்திருந்தன. நெருக்கியடித்துக்கொண்டு.

"இதுங்க உயிரோட இருக்கு. தின்னு தின்னு மஞ்சளாக்கிடுச்சு. செத்தது எங்கேருந்து தின்னும்? தின்னாத தட்டு மூணு நாளானாலும் ரோஸாவே இருக்கும். யாரும் சாப்பாடு மாத்தலை. ஞாயித்துக்கிழமை யாரும் வரலை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்துலயே கத்துக்கற விஷயம் இது."

விட்லோ மெல்ல விசில் அடித்தான். "அப்ப எம்மெட் ஞாயித்துக்கிழமை உயிரோட இருந்தான்ங்கறதுக்கு..."

"ஒரு மண்ணும் இல்ல," என்றாள் க்ருப்பா. "டாக்டரம்மாவோட டென்வர், மேடை, கைதட்டல் எல்லாம் போச்சு. மறுபடியும் வெள்ளிக்கிழமை சாயங்காலம்."

ஆனால் அவள் மனசு கொலையில் இல்லை. கண் மீண்டும் அந்த மூடியில்.

ஹாக்-9. செல்கள் செத்துவிட்டன. அப்படியானால்...

"லோர்ணா... அப்ப மருந்து வேலை செய்யுது?"

அந்தக் கேள்வியைக் கேட்டது போலீஸ்காரி இல்லை. விட்லோவுக்குத் தெரிந்தது. அவன் சுவரைப் பார்த்தான்.

லோர்ணா தட்டைக் கவிழ்க்காமல் தலைக்கு மேல் தூக்கினாள். அடிப்பக்கத்தைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. அடுத்ததைத் தூக்கினாள். அடுத்ததை.

"என்ன?"

"எங்க வழக்கம் ஒண்ணு இருக்கு. மூடியில எதை வேணா எழுது. ஆனா தட்டோட அடியில கண்டிப்பா எழுதணும். மூடி இடம் மாறும். அடி மாறாது." நாலாவது தட்டை நீட்டினாள். "எம்மெட் கையெழுத்து. படிங்க."

க்ருப்பா படித்தாள். பொடி எழுத்து. வெள்ளிக்கிழமைத் தேதி. கீழே...

கரைப்பான் மட்டும்.

"அப்படின்னா?"

"அந்த வேரோட சத்து தண்ணியில கரையாது. அதனால ஒரு கரைப்பான்ல கரைச்சுத்தான் செல்லு மேல விடுவோம். ஒரு துளின்னா ஒண்ணும் ஆகாது. நிறைய விட்டா அதுவே செல்லைக் கொன்னுடும். அதனால பக்கத்துலயே ஒரு தட்டுல வெறும் கரைப்பானை, அதே அளவு விட்டுப் பாக்கணும். ரெண்டு தட்டுல மருந்து. ரெண்டு தட்டுல வெறும் கரைப்பான். அதைத்தான் அவன் பண்ணியிருக்கான்."

"நாலுமே செத்துடுச்சு."

"ஆமா."

"மருந்து இல்லாத ரெண்டும் கூட."

"ஆமா, ஆபீசர்." லோர்ணாவின் குரல் இறங்கிவிட்டது. "அந்த வேர் ஒண்ணையும் கொல்லலை. கொன்னது கரைப்பான். ஏழு வருஷமா."

"எலிக்குக் குடுத்துப் பாத்திருப்பீங்களே?" விட்லோ கேட்டான்.

"பாதி எலி செத்துச்சு. அம்பது சதவீதம் வெற்றின்னு எழுதிட்டாங்க."

"அதை மனுஷ உடம்புல ஏத்தினா?"

"ஒண்ணு சும்மா போகும். இல்லேன்னா ஈரலைத் தின்னும்."

க்ருப்பா கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து பதினெட்டு.

"மூடியில ஹாக்-9னு எழுதினது யாரு?"

"எம்மெட் இல்ல. அவன் ஒன்பதுக்கு வால் நேரா இருக்கும். இது பன்னி வால் மாதிரி சுருண்டிருக்கு." லோர்ணா நிமிர்ந்தாள். "இந்த ஒன்பதை நான் தினமும் பாக்கறேன். என் லீவு லெட்டர்ல 'நிராகரிக்கப்பட்டது'ன்னு எழுதி, தேதி போடறவங்க ஒன்பது இது."

*

"லோர்ணாவைக் கைது பண்ணிட்டீங்களா?" என்றார் ஹாக்கன்பெர்க்.

"ஒரு சின்ன சந்தேகம் டாக்டர். அதைத் தீர்த்து வெச்சீங்கன்னா முடிஞ்சுது." க்ருப்பா உட்கார்ந்தாள். "உங்க மருந்து தோல் புற்றுநோய் செல்லைக் கொல்லும். சரிதானே?"

"தொண்ணூத்தாறு சதவீதம். நாப்பத்தெட்டு மணி நேரத்துல!"

"எம்மெட்டோட நாலு தட்டு மூடியிலயும் ஹாக்-9னு எழுதியிருக்கு. அதாவது மருந்து போட்டாச்சு."

"ஆமா."

"மருந்து போட்டா செல்லு செத்துடணும். செத்த செல்லுக்கு அவன் எதுக்கு ஞாயித்துக்கிழமை வந்து சாப்பாடு போட்டான்?"

ஹாக்கன்பெர்க் கைக்குட்டையைப் பிரித்தார். மறுபடியும் மடித்தார்.

"திதி கொடுத்தானா?" என்றான் விட்லோ.

"நாலு தட்டு ரோஸா இருக்கறதைப் பாத்ததும் உங்களுக்கு என்ன தோணியிருக்கணும்? 'ஆஹா, என் மருந்து கொன்னுடுச்சு'ன்னு! தோணலையே? 'உயிரோட இருக்கு, தின்னுட்டிருக்கு'ன்னுதானே தோணிச்சு? உலகத்துலயே உங்க மருந்தை நம்பாத முதல் ஆள் நீங்கதான் டாக்டர்."



ஹாக்கன்பெர்க் சட்டென்று மலர்ந்தார். "சரி! நான் தப்பா சொல்லிட்டேன். செத்துடுச்சு. அப்ப மருந்து வேலை செய்யுது! அதுதானே முக்கியம்?"

"தட்டோட அடியில பாத்தீங்களா?"

"அடியிலயா?"

"எழுதியிருக்கான். ரெண்டு தட்டுல 'கரைப்பான் மட்டும்'னு."

"எங்க காலத்துல..." அவர் குரல் வறண்டது. "எங்க காலத்துல மூடியிலதான் எழுதுவோம்."

"அதனால மூடியில இருந்ததை மட்டும் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு, உங்க கையால ஹாக்-9னு எழுதினீங்க. வருஷக்கணக்கா வராத அறையில! ரேகை எடுக்க ஆள் வந்துட்டிருக்கு. மூடி பிளாஸ்டிக். ரேகை கண்ணாடி மாதிரி விழும்."

"தட்டையே தூக்கிப் போட்டிருக்கலாமே டாக்டர்?" விட்லோவுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.

 ஹாக்கன்பெர்க்கின் குரலில் ஓர் எரிச்சல் இருந்தது. வேலைக்காரர் சரியில்லாத வீட்டுக்காரியின் எரிச்சல்.

"ப்ளீச் ஊத்திட்டுத்தான் போடணும். விதி அது. ப்ளீச்சை எங்க வெக்கறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

க்ருப்பா எழுந்தாள். "ஆளைக் கொன்னீங்க. ஆனா குப்பை விதியை மீறலை."

"ஏழு வருஷம்! பதினெட்டு பேர் காத்திட்டிருக்காங்க. அவன் 'எல்லாம் பொய்னு சொல்லிடப் போறேன்'ங்கறான். சிரிச்சுக்கிட்டே இல்ல... அழுதுக்கிட்டே சொன்னான். அதான் தாங்கலை."

"அவன் சொல்லப் போறான்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? அவனே வந்து சொன்னானா?"

"இல்ல. நான்தான் அவனைக் கூப்பிட்டேன்." அவர் கைக்குட்டையை எடுத்தார். இந்த முறை மடிக்கவில்லை. "இனிமே வக்கீல் வந்தப்புறம்தான்."

விட்லோ விலங்கை எடுத்தான்.

மணி பத்து நாற்பத்தொன்று.

*

க்ருப்பா மாடிப்படியில் நின்று போனை அழுத்தினாள். ஒரு தடவை மணி அடித்தது. இரண்டு. மூன்று. இந்த ஆள் எப்போதும் போனைக் கோட்டுப் பையில் வைத்து, கோட்டை எங்கேயாவது மாட்டிவிடுவான். நாலு. ஐந்து...

"சொல்லு ஜோனி."

"ஸ்டான்! ஊசி போட்டுட்டாங்களா?"

"இல்ல. இங்க ஒரே கலாட்டா. நர்சுங்க ஓடறாங்க. ஒருத்தியும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா."

அவள் படியில் உட்கார்ந்தாள். 

"யார் வந்து என்ன சொன்னாலும் போட்டுக்காதே. எழுந்து வெளிய வா. அந்த மருந்து..." பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ வீட்டுக் கதவைத் தட்டிச் செய்தி சொன்னவள். தன் வீட்டுக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை. "அந்த மருந்து ஒண்ணுக்கும் உதவாது ஸ்டான்."

ஸ்டான் பெருமூச்சு விட்டான்.

"தெரியும்."

"என்ன?"

"வெள்ளிக்கிழமையே தெரியும். போன மாசம் எங்களைக் கூட்டிட்டுப் போய் லேபைச் சுத்திக் காட்டினாங்களே... அந்தப் பையன், எம்மெட். அவன் போன் பண்ணினான். 'முதல் ஊசி உங்களுக்குத்தான், அதனால உங்ககிட்ட முதல்ல சொல்றேன், போட்டுக்காதீங்க'ன்னான். பாவம், ஒரே அழுகை. நான்தான் அவனைத் தேத்தினேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? மூணு மாசம் கழிச்சு அன்னிக்குத்தான் நீ சிரிச்சே. கெடுக்க மனசு வரலை. பதினோரு மணிக்கு வேணாம்னு கையெழுத்துப் போட்டுட்டு, 'டாக்டருங்க தள்ளிப் போட்டுட்டாங்க'ன்னு உன்கிட்ட கதை விடலாம்னு இருந்தேன்."

"போலீஸ்காரிகிட்ட கதையா?"

"இருபத்தி ரெண்டு வருஷமா விட்டிட்டுதானே இருக்கேன்!"

அவள் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே. மேலே கதவு திறந்தது. விட்லோ ஹாக்கன்பெர்க்கை நடத்திக்கொண்டு லிஃப்டுக்குப் போனான்.

"அவன் சொன்னதை அப்படியே நம்பிட்டியா?"

"நான் என்ன முட்டாளா? கூரைக்காரன் ஒருத்தன் ஒழுகும்னு சொன்னா, இன்னொருத்தனைக் கேக்காம நம்பலாமா? உடனே அந்த ஹாக்கன்பெர்க் அம்மாவுக்கே போன் போட்டேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். 'உங்க பையன் ஒருத்தன் இப்படிச் சொல்றானே, நிஜமா?'ன்னேன். ரொம்ப மரியாதையான பொம்பளை! 'யார் சொன்னது?'ன்னு மட்டும் கேட்டாங்க. பேரைச் சொன்னேன். 'ரொம்ப நன்றி, நான் அவன்கிட்டப் பேசிக்கறேன்'னு வெச்சுட்டாங்க."

க்ருப்பாவின் கையில் போன் கனத்தது.

"ஜோனி? இருக்கியா? நீ அந்தக் கட்டடத்துலதானே இருக்கே, விட்லோ மெசேஜ் பண்ணினான். அந்தப் பையன் உன் கண்ணுல பட்டானா? குரலைக் கேட்டா வயிறார சாப்பிட்டுப் பல நாள் ஆன மாதிரி இருந்துது. இந்த ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு வரச் சொல்லேன்... வருவானா?"